பைன் மரம் இல்லாத நாட்டில் ஓர் இரும்புப் படகு

ஜூன் 13, 1805, வியாழன்

நண்பகல் வாக்கில் காற்று திரும்பியபோது முதலில் சத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சமவெளிக்கு மேலே புகைத் தூண் மாதிரி எழுந்து காற்றில் கலைந்தது நீர்த்திவலை. மிசௌரி ஆற்றைப் பிடித்துக்கொண்டு, மலை தாண்டிப் பசிபிக் கடல் வரை போகக் கிளம்பிய அமெரிக்கப் பயணக் குழு இது. தலைவர்களில் ஒருவரான மெரிவெதர் லூயிஸுடன் நான்கே ஆட்கள். இன்னொரு தலைவர் வில்லியம் கிளார்க்கும் மற்றவர்களும் படகுகளை இழுத்துக்கொண்டு பின்னால் வருகிறார்கள்.

இந்தச் சத்தத்தின் அருமை தெரிய பத்து நாள் பின்னே போகவேண்டும். மரியாஸ் ஆறு என்று லூயிஸ் பெயரிட்ட கிளை வந்து கலக்கும் இடத்தில், எது மிசௌரி என்ற குழப்பம். வடக்கிலிருந்து வந்த நீர் கலங்கல், தெற்கிலிருந்து வந்தது தெளிவு. ஓராண்டுக்கு மேலாகக் கலங்கல் மிசௌரியிலேயே வந்து பழகிய ஆட்கள் அத்தனை பேரும் வடக்கு என்றார்கள். லூயிஸும் கிளார்க்கும் மட்டும் தெற்கு. அவர்கள் கணக்கு எளிமையானது. மலையில் பிறந்து வரும் ஆறு தெளிவாக இருக்கும், அடியில் வழுவழுப்பான உருண்டைக் கற்கள் கிடக்கும். கலங்கல் ஆறு நெடுந்தூரம் மண்சமவெளியில் அலைந்து வந்திருக்கும். மலையைத்தான் தாண்டவேண்டும் என்றால் தெளிந்த நீரைப் பிடித்துக்கொண்டு போவதே சரி. இதற்குச் சாட்சியாக ஹிடாட்சா பழங்குடி மக்கள் குளிர்காலத்திலேயே ஓர் அடையாளம் சொல்லியிருந்தார்கள்: உண்மையான மிசௌரியில் பெரிய அருவி இருக்கும்.

இருந்தது. சுமார் 80 அடி என்று லூயிஸ் கண்ணளவில் போட்டார். பிறகு கிளார்க் அளந்தபோது 87 அடி. ஆட்களில் ஒருவரான குட்ரிச் அன்று மாலை தூண்டில் போட்டுப் பிடித்த டிரௌட் மீன்கள்தான் இரவுச் சாப்பாட்டுக்குச் சிறப்பு.

ஜூன் 14

அருவி ஒன்றுதான், அரை மைல் தூரம் சுமந்து கடந்தால் போதும் என்பதுதான் ஹிடாட்சாக்கள் பேச்சிலிருந்து எடுத்துக்கொண்ட கணக்கு. லூயிஸ் தனியாக மேலே நடந்தார். ஒரு வளைவு தாண்டினால் 19 அடிக்குக் கோணலாக விழும் இரண்டாவது அருவி. அதற்கும் மேலே ஆற்றின் முழு அகலத்துக்கும் ஒரே கோடாக, 47 அடி 8 அங்குலம் விழும் மூன்றாவது. அடுத்து ஒரு சிறியது. கடைசியில் 26 அடி 5 அங்குலம். அந்தக் கடைசி அருவிக்குக் கீழே ஒரு தீவு, தீவில் ஒரு காட்டன்வுட் மரம், மரத்தில் கழுகுக் கூடு. இந்தக் கூட்டையும் ஹிடாட்சாக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அடையாளங்கள் எல்லாம் சரி, தூரம் மட்டும் தப்பு. குதிரையில் போகிறவர்களுக்கு அருவி ஒரு தடையே இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். படகோடு வருகிறவனுக்குத்தான் ஒவ்வொரு அடியும் கணக்கு.

அன்றே கரடி. லூயிஸ் ஒரு காட்டெருமையைச் சுட்டுவிட்டு அது விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார், துப்பாக்கியில் மறுபடி மருந்து போட மறந்துவிட்டார். வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டு, கோலால் இடித்து இறுக்கவேண்டிய துப்பாக்கி அது. கிரிஸ்லி கரடி இருபது அடி வைப்புக்குள் வந்த பிறகு அதற்கெல்லாம் நேரம் ஏது? சுமார் 80 கெஜம் ஓடி, ஆற்றில் இடுப்பளவு நீரில் இறங்கித் திரும்பி, கையிலிருந்த ஈட்டியை நீட்டினார். கரடி என்ன நினைத்ததோ, திரும்பி ஓடிவிட்டது. சுட்ட இடத்திலேயே மறுபடி மருந்து போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பது என்று அன்று முதல் வைத்துக்கொண்டார்.

ஜூன் 16 – 17

அருவிக்குக் கீழே போட்ட கீழ் முகாமில், கூட வந்த ஷோஷோனிப் பெண் சகாகவியா படுத்த படுக்கை. அவளுக்குப் பதினாறு பதினேழு வயதுதான் இருக்கும். கையில் பிப்ரவரியில் பிறந்த குழந்தை வேறு. கிளார்க் ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார், அந்தக் கால வைத்தியம் அதுதான். லூயிஸ் எதிர்க்கரையில் கந்தக ஊற்று ஒன்று இருப்பதைப் பார்த்து வந்திருந்தார். அந்த நீரைக் கொண்டுவரச் செய்து குடிக்கக் கொடுத்தார். நாடி தேறியது. மலைக்கு அருகே ஷோஷோனி மக்களிடம் குதிரை வாங்க அவளுடைய மொழிதான் இவர்களுக்கு இருந்த ஒரே பிடி. கைவிட முடியாத நோயாளி.

ஆறு ஆட்கள் வண்டி செய்ய உட்கார்ந்தார்கள். இந்த இடத்தில்தான் மரப்பஞ்சம் தலைகாட்டுகிறது. கண்ணுக்கு எட்டிய வரை புல். ஓடை வாயருகே மட்டும் ஒரு பெரிய காட்டன்வுட், பாப்ளர் இனத்து மரம், நின்றது. அதை அறுத்தால் 22 அங்குல விட்டத்தில் சக்கரங்கள் கிடைக்கும். சுற்றி 20 மைலுக்குள் இதே பருமனில் கெட்டுப்போகாத இன்னொரு மரம் இருக்காது என்று லூயிஸ் எழுதி வைத்தார். நான்கு ஜோடிச் சக்கரம் திட்டம். மேலே தொட்டி வைத்தால் சாமான் ஏற்றலாம், தொட்டியை எடுத்துவிட்டால் தோணியை ஏற்றலாம்.

சக்கரத்துக்கு மரம் கிடைத்தது, இருசுக்குக் கிடைக்கவில்லை. காட்டன்வுட் மிருதுவான மரம். உருளைக்கு ஒத்துவரும், பாரம் தாங்கும் இருசுக்கு ஒத்துவராது. வேறு வழியில்லாமல், இங்கேயே விட்டுப் போகப்போகும் வெள்ளைப் படகின் பாய்மரத்தை வெட்டி இருசு செய்தார்கள். பருமன் போதாது என்று தெரிந்தே செய்தது.

ஜூன் 17 – 20

கிளார்க் ஐந்து ஆட்களுடன் தென்கரையில் வழி அளந்தார். ஆற்றோரமாகப் போக முடியாது. மழைநீர் அரித்த ஆழமான ஓடைகள் கரையைக் குறுக்கே வெட்டி வைத்திருக்கின்றன. அவை தொடங்கும் மேட்டைச் சுற்றிக்கொண்டு சமவெளிப் பக்கமாக விலகிப் போகவேண்டும். முளைக்குச்சிகளை நட்டுக்கொண்டே போனார், பின்னால் வண்டியோடு வருகிறவர்கள் அதைப் பார்த்தே வரலாம். நீளம் ஏறக்குறைய 18 மைல். அளவெடுக்கப் போன வழியில் பெரிய ஊற்று ஒன்றையும் பார்த்தார். இன்று ஜயண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற பெயரில் பூங்காவாக இருப்பது அதுதான்.

மேல்முனையில் மூன்று தீவுகள். அங்கே கரடிகள் நடமாட்டம் அதிகம் என்பதால் வெள்ளைக் கரடித் தீவுகள் என்று பெயர். அங்கேதான் மேல் முகாம். லூயிஸின் நாய் சீமன் அங்கே போன நாளிலிருந்து இராத்திரி முழுக்கக் குரைத்துக்கொண்டே இருந்தது.

கீழ் முகாமில் வெள்ளைப் படகைக் கரையேற்றி வில்லோப் புதரில் மறைத்தார்கள். சிறு பீரங்கியைப் பாறைக்கு அடியில் ஒளித்தார்கள். குழி வெட்டி, லூயிஸின் எழுதுமேசை, செடி மாதிரிகள் என்று அவசரத்துக்கு வேண்டாதவற்றைப் புதைத்தார்கள். மிச்சம் ஆறு தோணிகள், மூட்டைகள், அப்புறம் மேலே போய்ப் பூட்டிப் படகாக்கக் கொண்டுவந்த இரும்புச் சட்டம்.

ஜூன் 22

முதல் பயணம். ஒரு தோணி, கூடவே இரும்புச் சட்டமும் கருவிகளும். பாதி வழியில் பாய்மர இருசுகள் உடைந்தன. ஓடைக்கரையில் வளர்ந்திருந்த வில்லோ மரத்தை வெட்டிப் புது இருசு போட்டுக் கிளம்பினார்கள். மேல் முகாமுக்கு அரை மைல் இருக்கும்போது இருட்டிவிட்டது, காட்டன்வுட் ஏர்க்கால்களும் முறிந்துவிட்டன. தோணியை அப்படியே போட்டுவிட்டு அவரவர் முதுகில் தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை போய்ச் சேர்ந்தார்கள்.

ஜூன் 23

வண்டி இழுக்க மாடில்லை, குதிரையில்லை. ஆள்தான். தரையை முழுக்கச் சப்பாத்திக் கள்ளி மூடியிருந்தது. நம் ஊர் வரப்பில் நிற்கும் அதே கள்ளிக் குடும்பம்தான், அமெரிக்காவிலிருந்துதான் இங்கே வந்தது. அங்கே அது தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும், புல்லுக்குள் முள் தெரியாது. மான்தோல் மொக்காசின் செருப்பை முள் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. அடியில் இன்னொரு தோலை வைத்து இரட்டை அடி தைத்துக்கொண்டார்கள். அப்படியும் போதவில்லை. மழைக்காலத்தில் காட்டெருமைக் கூட்டம் மிதித்த சேறு வெயிலில் குளம்புத் தடத்தோடு காய்ந்து கல்லாகியிருந்தது. அதன் மேல் பாரத்தோடு நடப்பது உறைந்த உழவு வயலில் வெறுங்காலோடு நடப்பது மாதிரி. முள்ளை விட இந்தக் குளம்புத் தடம்தான் பலரை நொண்ட வைத்தது.

மேட்டில் ஏறும்போது புல்லையும் கல்லையும் கையால் பிடித்துக்கொண்டு உடம்போடு இழுத்தார்கள். வண்டி நின்றதும் விழுந்தார்கள், விழுந்த இடத்திலேயே அந்த நிமிடமே தூங்கிப்போனவர்கள் பலர். சில நிமிடம் கழித்து எழுந்து மறுபடி இழுத்தார்கள்.

ஜூன் 25 – 26

காற்று வழிப்பக்கமாக அடித்தது. யாருக்குத் தோன்றியதோ, வண்டியில் ஏற்றிய தோணியின் பாயை விரித்துவிட்டார்கள். தரையில் பாய்மரப் பயணம். இழுப்பவர்களுக்குச் சுமை கணிசமாகக் குறைந்தது. இருசுக்குப் போனது வெள்ளைப் படகின் பாய்மரம், இது வேறு.

மேல் முகாமில் லூயிஸ் தானே சமையல்காரர். மற்றவர்கள் தோல் தைக்கவும் மரம் தேடவும் போய்விட்டதால், காட்டெருமை இறைச்சியை வேகவைத்து, அதன் கொழுப்பில் கொழுக்கட்டை மாதிரி மாவுருண்டை பிடித்து வைத்தார்.

ஜூன் 29, சனி

அன்று பிற்பகல் கிளார்க், சகாகவியா, அவள் கணவர் ஷார்போனோ, குழந்தை நால்வரும் அருவிக்கு மேலே நடந்துகொண்டிருந்தார்கள். மேகம் கறுத்ததும் ஒரு வறண்ட ஓடைக்குள் பாறை நிழலில் ஒதுங்கினார்கள். காற்றுக்குத் தப்ப நல்ல இடம், மழைக்கு மிக மோசமான இடம். சமவெளியில் விழும் மழை இறுகிய மண்ணில் ஊறாமல் நேராக இந்த ஓடைகளுக்குத்தான் வரும். பாறையும் மண்ணும் உருட்டிக்கொண்டு வெள்ளம் சுவர் மாதிரி வந்தது. கிளார்க் ஒரு கையில் துப்பாக்கி, மறுகையால் முன்னால் சகாகவியாவைத் தள்ளி ஏற்றினார். அவர் கிளம்புவதற்குள் நீர் இடுப்பளவு. மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது ஓடையில் 15 அடி ஆழம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நால்வரும் மிசௌரி வழியே பெரிய அருவிக்குப் போயிருப்பார்கள்.

போனவை: குழந்தையின் துணிகள், கிளார்க்கின் குடை, கைக்கோடாலி, மருந்துக் கொம்பு, பெரிய திசைகாட்டி. குடை போனால் போகட்டும். திசைகாட்டி போனால் வரைபடம் போச்சு. மறுநாள் ஆட்களை அனுப்பித் துழாவியதில் சேற்றுக்குள் புதைந்து கிடைத்தது.

அதே நேரம் சமவெளியில் வண்டி இழுத்தவர்கள் மேல் ஆலங்கட்டி மழை. வெக்கைக்குச் சட்டை கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டிருந்தவர்கள். சுமையைப் போட்டுவிட்டு ரத்தக் காயங்களோடு கீழ் முகாமுக்கு ஓடி வந்தார்கள். சிலரைக் கட்டிகள் கீழே தள்ளியிருந்தன.

ஜூலை 2

கடைசிச் சுமை மேல் முகாம் வந்து சேர்ந்தது. ஜூன் 22-இல் தொடங்கியது, 11 நாள். சக்கரங்களைப் பிற்பாடு முகாமருகே புதைத்து வைத்தார்கள், திரும்பி வரும்போது வேண்டியிருக்கும்.

ஜூலை 3

இனி இரும்புப் படகு. ஒரு மாதத்தில் பாதியைத் தின்றது இதுதான்.

1803-இல் வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச் சாலையில் லூயிஸ் முன்னின்று செய்வித்த சட்டம். யோசனை நல்ல யோசனைதான்: ஆற்றின் கீழ்ப்பகுதியில் மரப்படகில் போகலாம், மலைக்கு அருகே ஆறு சிறுத்த பிறகு பெரிய படகை விட்டுவிட்டு, கழற்றிக் கொண்டுவந்த இரும்பு விலாக்களைத் திருகாணியால் பூட்டி, கிடைக்கும் விலங்குத் தோலைப் போர்த்தினால் படகு தயார். 36 அடி நீளம், நாலரை அடி அகலம், 26 அங்குல ஆழம். கட்டி முடித்தால் 8,000 பவுண்டு சாமான் தாங்கும். அப்படியும் எட்டு பேர் எளிதாகத் தூக்கிவிடலாம்.

தோல் 32: எல்க் மான் தோல் 28, காட்டெருமைத் தோல் 4. எல்க் தோல்தான் உறுதியானது என்பது லூயிஸின் கணக்கு. இந்தப் பக்கம் எல்க் குறைவு, அதனால் காட்டெருமைத் தோலையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தோல்களின் மயிரை எடுத்து, ஊறவைத்து, சட்டத்துக்குப் பொருத்தித் தைத்தார்கள். உள்ளே விலாக்களுக்கு நடுவே மரப்பட்டை வைத்து வரிந்தார்கள். பிறகு மேடை கட்டிப் படகைத் தூக்கி வைத்து, அடியில் சிறு சிறு தீ மூட்டி உலர்த்தினார்கள்.

தையல் தாங்கியது, தையலின் துளைகள்தான் தாங்கவில்லை. தோல் காயக் காயச் சுருங்கியது, தைத்த வாரும் சுருங்கியது, துளைகள் வாய் பிளந்தன. பயன்படுத்திய ஊசியின் முனை வெறுமனே கூர் அல்ல, வெட்டும் விளிம்பு கொண்டது. அது தோலைத் துளைக்கவில்லை, அறுத்தது. கூர்முனை ஊசி நாரை விலக்கிப் போகும், நார் மறுபடி வாரை நெருக்கிப் பிடிக்கும். அறுத்த துளை பிடிக்காது.

அதனால் என்ன, கீல் பூசினால் சரியாகிவிடும். கீல் எங்கே? மரக்கலம் கட்டுகிறவனைக் கேட்டால் சொல்வான், பைன் மரத்தைக் குழியில் போட்டுக் காற்று புகாமல் மெல்ல எரித்தால் அடியில் வடிவதுதான் கீல். லூயிஸ் இதற்காகவே சூளை மூட்டியும் பார்த்தார், ஆற்றில் மிதந்து வந்து ஒதுங்கிய பைன் கட்டைகளை வைத்து. நாள் கணக்கில் எரிந்தது. ஒரு சொட்டு வரவில்லை. வெள்ளத்தில் ஊறிக் காய்ந்த கட்டையில் பிசின் எங்கே இருக்கும்? மலையில் பைன் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. இந்தச் சமவெளியில் இல்லை. ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் சட்டம் அடித்தபோது பைன் இல்லாத நாடு ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜூலை 4

சுதந்திர தினம். கையிருப்பில் மிச்சமிருந்த சாராயத்தை முழுக்கப் பங்கிட்டார்கள். பிடில் வாசிப்பு, ஆட்டம், பன்றி இறைச்சி, பீன்ஸ், கொழுப்பு உருண்டை, காட்டெருமை. இதற்குப் பிறகு வழியில் எங்கும் சாராயம் கிடையாது.

ஜூலை 5 – 8

கீலுக்குப் பதிலாக லூயிஸ் ஒரு கூட்டு செய்தார்: பொடித்த மரக்கரி, தேன்மெழுகு, காட்டெருமைக் கொழுப்பு. சூடாக்கிக் குழைத்துத் தோலின் மேல் இரண்டு முறை பூசினார்கள். ஆறியதும் கறுத்து, கெட்டியாகி, பார்க்க அசல் படகு மாதிரியே இருந்தது.

ஜூலை 9

காலையில் ஆற்றில் இறக்கினார்கள். தக்கை மாதிரி மிதந்தது. துடுப்புக்கு இருக்கைகள் பொருத்தினார்கள், தோணிகளில் சாமான் ஏற்றத் தொடங்கினார்கள். கிளம்பவேண்டியதுதான் பாக்கி. மாலையில் புயல் காற்று. தோணிகளுக்குள் நீர் புகுந்து, ஏற்றிய மூட்டைகளில் சிலவற்றை இறக்கவேண்டியதாயிற்று. காற்று ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால், கூட்டில் பெரும்பகுதி தோலை விட்டு உரிந்திருந்தது. அங்கே தையல் துளைகள் நீருக்குத் திறந்து கிடந்தன.

எங்கே உரிந்தது, எங்கே உரியவில்லை என்று பார்த்ததில்தான் விஷயம். மயிரை அடியோடு மழித்த எல்க் தோலில் பூச்சு நிற்கவே இல்லை. காட்டெருமைத் தோலில் அரைக்கால் அங்குல நீளத்துக்கு மயிர் மிச்சம் விட்டிருந்தார்கள். அங்கே பூச்சு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது, ஒழுக்கும் குறைவு. வழவழப்பான தோலில் மெழுகுக்கு ஒட்ட ஒன்றுமில்லை. மயிர்க்கட்டை இருந்தால் சாந்துக்குள் வைக்கோல் மாதிரி பூச்சைப் பிடித்து நிறுத்தும். எல்லாத் தோலிலும் கொஞ்சம் மயிர் விட்டிருந்தால் ஓடியிருக்கும். மறுபடி செய்யலாமா? காட்டெருமைக் கூட்டம் அந்தப் பக்கத்தை விட்டு நகர்ந்துவிட்டது. ஜூலை நடுவாகப் போகிறது, பனி விழுவதற்குள் மலை தாண்டவேண்டும். தோலை உரித்துச் சட்டத்தைக் கழற்றிப் புதைக்கச் சொன்னார் லூயிஸ்.

அவரைக் குறை சொல்வது எளிது. நம் பார்வையில் பிழை மயிரிலோ ஊசியிலோ இல்லை, இரண்டு ஆண்டு சுமந்து வந்த சட்டத்தை வழியில் ஒரு முறைகூடத் தோல் போர்த்தி நீரில் விட்டுப் பார்க்காததில் இருக்கிறது. முந்தைய குளிர்காலத்துக்குத் தங்கிய ஃபோர்ட் மாண்டன் கோட்டையில் பருவம் முழுக்க நேரம் இருந்தது.

ஜூலை 10 – 14

கிளார்க் முன்பே மனதில் வைத்திருந்த மரங்கள் தரைவழி 8 மைல், ஆற்றுவழி அதைப் போல மூன்று மடங்கு தூரத்தில். இரண்டே இரண்டு பெரிய காட்டன்வுட். இரண்டையும் வெட்டினால் ஒன்றில் உள்ளே பொக்கை, மற்றதிலும் வெடிப்பு. இருந்ததை வைத்துக் குடைந்தார்கள்: ஒன்று 25 அடி, மற்றது 33 அடி, அகலம் ஏறக்குறைய 3 அடி.

இங்கேயும் மரம் காலை வாரியது. கோடாலிக் காம்புக்கு அந்தப் பக்கம் கிடைத்ததில் சிறந்தது சோக்செர்ரி மரம். நான்கு கோடாலி வைத்து வெட்டியதில் ஒரே நாளில் 13 காம்பு முறிந்தது. ஒருவர் காம்பு செதுக்கிக்கொண்டே இருந்தால்தான் மற்றவர் வெட்ட முடியும். நாள் முழுக்கக் கொசு வேறு.

ஜூலை 15

எட்டுத் தோணிகளோடு கிளம்பினார்கள். அருவியைப் பார்த்து 32 நாள்.

1806, ஜூலை 13 – 14

பசிபிக் கடல் வரை போய்த் திரும்பிய லூயிஸ் மேல் முகாமில் குழிகளைத் திறந்தார். ஆற்று நீர் ஏறி உள்ளே போயிருந்தது. கரடித் தோல்கள் நாசம், உலர்த்தி வைத்த செடி மாதிரிகள் அத்தனையும் போச்சு. மிசௌரியின் வரைபடம் மட்டும் தப்பித்தது. இரும்புச் சட்டத்துக்குப் பெரிய சேதமில்லை, அதைக் கொண்டுபோக யாருக்கும் வேலையில்லை. சக்கரங்களைத் தோண்டி எடுத்தார்கள், நல்ல நிலையில் இருந்தன. இந்த முறை இழுக்கக் குதிரைகள் இருந்தன.

பெரிய அருவிக்கு மேலே இன்று ரயன் அணை. நான்காவதாக வந்த சின்ன அருவி இன்னொரு அணைத் தேக்கத்துக்கு அடியில் மூழ்கிக் கிடக்கிறது. கள்ளி மட்டும் சமவெளியில் அப்படியே இருக்கிறது, நடக்கப் போகிறவர்கள் கெட்டி அடி வைத்த காலணி போட்டுக்கொள்ளவும்.